அரசாங்கம் காசு கொடுக்கும் பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வராத நாளில் யாரும் கோபப்படுவதில்லை. இன்றைக்கும் கணினி வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை, சுகமில்லையாம். பதினெட்டுப் பேர், பாதிப்பேர் தலை நரைத்தவர்கள், காலை எட்டரைக்கு வந்து வரவுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாலு மணிவரை இருந்தார்கள். சிரியாவில் பொறியியலாளராக இருந்த ஒருவர் ஓர் அப்பிளைத் தோல் சீவி முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தார். கையெழுத்து இருந்தால் பாடம் நடந்தது என்று பொருள். ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் ஒரு கட்டடத்தின் இரண்டு மாடிகளை வாடகைக்கு எடுத்து நடக்கும் தனியார் கல்வி நிலையம் இது. வரவேற்பு மேசையில் இருந்து அந்தத் தாள்களை வாங்கி அடுக்குவது என் வேலை.

யாழ்ப்பாணத்திலும் நான் தனியார் கல்வி நிலையத்தில்தான் வேலை செய்தேன். ரியூட்டரி. கிடுகுக் கொட்டிலில் நீள வாங்குகளைப் போட்டுக் கணிதம் படிப்பித்தோம். ஒரு கிழமை நான் ஒழுங்காகப் படிப்பிக்காவிட்டால் அடுத்த கிழமை முன்வாங்கு வெறுமையாகிவிடும். பிள்ளைகள் சந்தியில் இருந்த மற்றக் கொட்டிலில் இருப்பார்கள். காசு கட்டியவர்கள் தாய்தகப்பன். ஆகவே எனக்குப் பயம் இருந்தது. அது நல்ல பயம் என்று இப்போதுதான் விளங்குகிறது. இங்கே கட்டுவது அரசாங்கம். வேலை இழந்தவருக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் 'பில்டுங்ஸ்குட்ஷைன்' என்று ஒரு கடிதம் கொடுக்கும். அதைக் கொண்டுவந்து தந்தால் படிப்புச் செலவு முழுவதும் எங்களுக்கு வந்து சேரும். கடிதங்கள் நின்றுபோனால் கதவைப் பூட்ட வேண்டியதுதான். ஆகவே எங்களுக்கு வேண்டியது கடிதத்தோடு வரும் ஆள். படித்து முடித்து அந்த ஆள் என்ன ஆனார் என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

ரதி அக்காவை இங்கே கூட்டிவந்தவள் நான். இருபது வருடமாக ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். என் மகள் பிறந்தபோது பத்தியக்கறி சமைத்துத் தந்தவர். ஹோட்டல் சலவையறையில் நின்று நின்று முதுகு போய், பிறகு அந்த வேலையும் போய், கையில் கடிதத்தோடு வந்தார். டொக்டர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்ய வேண்டும் என்பது அவரது ஆசை. அதற்கென்று இரண்டு வருடப் படிப்பு, பொதுப் பரீட்சையோடு, வேறோர் இடத்தில் இருந்தது. கடிதத்தை மாற்றி எழுதுவித்து இலையுதிர்காலம்வரை காத்திருக்க வேண்டும்.

"உங்கட பள்ளிக்கூடம் நல்லதோ பிள்ளை?" என்று கேட்டார்.

"அரசாங்கம் காசு குடுக்குது அக்கா. கூடாததெண்டால் குடுப்பாங்களோ? எங்களிட்டை வாங்கோ, திங்கக்கிழமையே தொடங்கலாம்" என்றேன்.

அரசாங்கம் என்ற சொல்லுக்கு எங்கள் ஆட்கள் கொடுக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். நானும் நம்பித்தான் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பாதி நம்பினேன். மற்றப் பாதி என்னவென்றால், அந்த மாதம் வகுப்பில் ஆள் குறைவு.

எங்கள் மருத்துவ உதவியாளர் வகுப்பு ஒன்பது மாதம், அக்கா ஒரு நாளும் தவறவில்லை. முடிவில் எங்கள் முத்திரை குத்திய சான்றிதழ் கிடைத்தது. அதைக் கொண்டு ஐந்து டொக்டர்மாரிடம் போனார். ஐந்து இடத்திலும் மரியாதையாகப் படித்துப் பார்த்து, பொதுப் பரீட்சைச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வருடப் படிப்புக்கு மறுபடி கடிதம் கேட்டபோது, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு படிப்புத் தந்தாயிற்று என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"ஒருக்காத்தான் தருவினமாம் பிள்ளை. அது முடிஞ்சுதாம்," என்று படிக்கட்டில் வைத்துச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த நாள் எங்கள் நிர்வாகியின் அறைக்குப் போனேன். நல்ல மனிதர், ஊழியர் பிறந்தநாளுக்குத் தானே கேக் செய்து கொண்டுவருபவர். இந்தச் சான்றிதழால் ஒருவருக்கும் வேலை கிடைப்பதில்லை, இப்படியே போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பயப்படாதீர்கள். அடுத்த வகுப்பும் நிரம்பிவிட்டது. உங்கள் வேலை ஒப்பந்தத்தை நீடிக்கிறோம்."

நான் கேட்டது அதுவல்ல. ஆனாலும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. "டங்க" என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்னும் கூசுகிறேன்.

கடந்த திங்கட்கிழமை புதிதாக வந்தவர்களின் வரிசையில் ரதி அக்கா நின்றார். அலுவலகம் அவரைத் திரும்ப எங்களிடமே அனுப்பியிருந்தது: வேலைக்கு விண்ணப்பம் எழுதப் பழக்கும் ஆறு வார வகுப்பு. போகாவிட்டால் உதவிப்பணத்தில் வெட்டு விழும். இரண்டு வருடப் படிப்பு ஒன்பது மாதமாகி, இப்போது ஆறு வாரம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். அவருக்காகவும் எங்களுக்குப் பணம் வரும்.

"அக்கா, முதுகு எப்பிடி? காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?" என்றேன்.

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. முன்பின் தெரியாத அதிகாரியிடம் கேட்பதுபோல, இந்த நாட்டு டொச் மொழியில் கேட்டார்.

"வெல்ஷர் ரௌம், பிற்றே?"

எந்த அறை என்று கேட்கிறார். இருபது வருடத்தில் நாங்கள் இருவரும் தமிழைத் தவிர வேறொன்றில் பேசியதில்லை. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இரண்டாம் மாடி, இடது பக்கம், மூன்றாவது கதவு என்று நானும் டொச்சிலேயே சொன்னேன்.