ரிங்கில் பட்டதா, படவில்லையா?

கூடைப்பந்து ஆட்டத்தில் பந்தைப் போட்டவனைப் பற்றிப் பேசுவார்கள், தவறவிட்டவனைப் பற்றிப் பேசுவார்கள்; இருபத்தி நாலு செகண்டு கடிகாரத்தின் பட்டனை அமுக்குகிறவளைப் பற்றி யாராவது பேசினால், அன்றைக்கு அவள் தப்புச் செய்திருக்கிறாள் என்று அர்த்தம். ரயில்வே கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர்களே, ரேஷன் கடையில் கைரேகை மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்களே, பரீட்சை ஹாலில் மணியடிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். சரியாகச் செய்தால் நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். தேசிய லீக்கில் விளையாட எங்கள் ஊருக்கென்று ஒரு தொழில்முறை அணி வந்தபோது, உள்ளூர் ஆட்டங்களுக்குக் கடிகாரமும் ஸ்கோரும் பார்க்கும் மேசையில் உட்கார ஆள் தேடினார்கள். அதற்கான தேர்வு எழுதித் தேறியிருந்ததால் என்னைப் போட்டார்கள். என் வேலை இதுதான். பந்து கிடைத்த அணி இருபத்தி நாலு செகண்டுக்குள் எறிய வேண்டும், எறிந்த பந்து கூடையின் இரும்பு ரிங்கில் பட வேண்டும். பந்து எதிர் அணிக்கு மாறினால் நான் மறுபடி இருபத்தி நாலு வைப்பேன். பட்டுத் திரும்பிய பந்தை அதே அணி பிடித்தால் நான் ‘பதினாலு’ பட்டனை அமுக்கிப் புதிதாகப் பதினாலு செகண்டு கொடுப்பேன். ரிங்கில் படாமல் திரும்பிய பந்தை அவர்களே பிடித்தால் எதையும் தொடக்கூடாது. கடிகாரம் பாட்டுக்கு ஓடும், பூஜ்யம் வந்தால் ஹாரன் அடிக்கும், பந்து எதிர் அணிக்குப் போகும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீக்கில் கடைசி இடத்துக்கு வரும் அணிக்கு அடுத்த வருஷம் இடம் கிடையாது. சீசன் முழுக்க எங்களைத் துரத்தியது இந்த ஒரு விதிதான்.

ரெண்டு கை

முதல் ஆட்டம். ஹால் நிரம்பி வழிந்தது. எங்கள் கேப்டன் வேல்முருகன், குஜிலியம்பாறைக்காரர், முப்பத்தி நாலு வயசு. இந்த அணி போனால் அந்த வயசில் அவரை வேறு எந்த அணியும் எடுக்காது என்று அவருக்கே தெரியும். அவர்தான் சீசனின் முதல் பந்தைக் கூடையில் போட்டார். ஹாலே எழுந்து நின்று கத்தியது.

நானும் கைதட்டினேன். ஆமாம், மேசையில் உட்கார்ந்துகொண்டு, ரெண்டு கையாலும். பட்டன் அநாதையாகக் கிடந்தது. பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டு, எதிர் அணி பந்தோடு பாதி மைதானம்கூட வராதபோது ‘பாம்’ என்று ஹாரன் அடித்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எங்கள் மேசையைக் கண்காணிக்க லீக் அனுப்பும் மேட்ச் கமிஷனர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சேலத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆள் போடுவார்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “டீச்சர், இந்த மேசையில உங்களுக்கு ரெண்டு கை கிடையாது. ஒரு கட்டைவிரல்தான்.”

மண்டிக் கடிகாரம்

எனக்கு நேர் பின்னால் மூன்றாவது வரிசையில் பழனிச்சாமி உட்காருவார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார். ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. எதிர் அணியிடம் பந்து இருந்தால், அவர்களைப் பதற வைப்பதற்காக, என் கடிகாரத்தில் பதிமூன்று இருக்கும்போதே “பத்து... ஒம்பது... எட்டு...” என்று தொண்டை கிழிய, செகண்டுக்கு ரெண்டாக எண்ண ஆரம்பித்துவிடுவார். ஏலம் போட்டுப் பழகிய குரல். என் காதில்தான் வந்து விழும்.

ஒருநாள் கூச்சலில் பந்து யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமலே எண்ணிவிட்டார். பந்து எங்கள் நெட்டையன் குர்தீப்பிடம் இருந்தது. பஞ்சாபிலிருந்து வந்தவர், அதுவரை தமிழில் கற்றிருந்தது ஒன்று முதல் பத்து வரைதான். “மூணு... ரெண்டு...” என்று கேட்டதும் பதறிப்போய் நடு மைதானத்திலிருந்தே எறிந்துவிட்டார். பந்து கூடைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. என் கடிகாரத்தில் இன்னும் ஒன்பது செகண்டு இருந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் நேராகவே போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “ஏனுங்க டீச்சர், உங்க கடிகாரந்தானுங்க மெதுவா ஓடுது. அந்நேரத்துக்கு எங்க மண்டியில ஒரு லோடே ஏத்தியிருப்போமுங்க.”

அழுக்குச் சட்டை

தோல்விகள் சேரச் சேர எனக்கு ஒரு வியாதி வந்தது. எதைப் பார்த்தாலும் ரிங்காகத் தெரிந்தது. பள்ளியில் பிள்ளைகளை வரிசையாக எறியச் சொல்லி, பந்தைப் பார்க்காமல் ரிங்கை மட்டும் பார்த்துப் பழகினேன். பந்தின் அழகில் மயங்கினால் கண் ஏமாந்துவிடும். ரிங் அதிர்ந்ததா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட என் கட்டைவிரல் பெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த ஒரு அம்மா தள்ளி உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் சித்தையன்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றி, எட்டி நின்று, மூலையில் இருக்கும் அழுக்குக் கூடையில் வீசுவது அவர் பழக்கம். ஒருநாள் சட்டை சுவரில் மோதி, கூடையின் விளிம்பை உரசாமல் கீழே விழுந்தது. “படல, கடிகாரம் ஓடும்” என்று என்னை அறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் பனியனோடு நின்று கேட்டார்: “பிலோ, சட்டைய நான் எடுத்துப் போடணுமா, நீ எடுத்துப் போடுறியா? அத மட்டும் சொல்லு.”

ஒரே ஒரு செகண்டு

கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் நிலைமை இப்படி ஆகிவிட்டது: பட்டியலில் கடைசி ரெண்டு இடத்தில் நாங்களும் இன்னொரு அணியும் சமமாக நின்றோம். எங்கள் இரண்டு அணிக்கும் இடையில்தான் கடைசி ஆட்டம், அதுவும் எங்கள் ஹாலில். தோற்றவர் வெளியே.

அந்த வாரம் ஊரே என் விரலுக்கு உறவாகிவிட்டது. பஸ் கண்டக்டர் கண்ணடித்தார். மீன்காரம்மா ஒரு துண்டு கூடப் போட்டுவிட்டு “பாத்துச் செய்யி தாயி” என்றது. எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எல்லாரையும்விட நேராகக் கேட்டது எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் ராஜாத்திதான். ஸ்டாஃப் ரூமில் டீ டம்ளரை என் முன்னால் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: “அடியே பிலோ, ஊர்ல அம்புட்டுப் பேரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கோம். ஒரே ஒரு செகண்டு கூட விட்டா ஒன் விரலு என்ன தேஞ்சா போயிரும்?”

ஆறு செகண்டு

கடைசி ஆட்டம். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தது. நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், பந்து எங்களிடம். என் கடிகாரத்தில் ஆறு செகண்டு இருக்கும்போது கேப்டன் மூலையிலிருந்து எறிந்தார். பந்து பலகையில் மோதி, வலையை உரசிக்கொண்டு கீழே வந்தது. வலை ஆடியது. என் கட்டைவிரல் ‘பதினாலு’ பட்டனை அமுக்கிவிட்டது.

ரிங்கில் படவில்லை. அமுக்கின அந்தக் கணமே எனக்குத் தெரியும். வாய் திறப்பதற்குள் குர்தீப் பந்தைப் பிடித்தார், அங்கே கொடுத்தார், இங்கே கொடுத்தார், ஒன்பது செகண்டு கழித்துக் கேப்டன் போட்டே விட்டார். நான் சும்மா இருந்திருந்தால் ஆறாவது செகண்டிலேயே ஹாரன் அடித்திருக்கும். ஹால் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். எதிர் அணியின் கோச் டைம் அவுட் கேட்டார், அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. கமிஷனர் அந்த நேரம் ஸ்கோர் ஷீட்டில் குனிந்திருந்தார். ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதியும் எங்கள் ஹாலில் இல்லை.

எனக்கு மறுபக்கம் ஆட்டக் கடிகாரம் பார்க்கும் சேவியர் சார் உட்கார்ந்திருந்தார், வேறொரு பள்ளியின் பி.டி. மாஸ்டர். உதடு அசையாமல் சொன்னார்: “பாத்துட்டேன். செத்த நேரம் சும்மா இருங்க டீச்சர். ஒருத்தரும் கேக்கல.” ஒரு நிமிஷ டைம் அவுட். எங்கள் பெஞ்சில் கேப்டன் துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார், தோள் குலுங்கியது. அழுதாரா, சிரித்தாரா, தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் அவர் பிழைத்தார், ஊர் பிழைத்தது, நானும் பிழைத்தேன். நான் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை. ஆனால் வீட்டில் அழுக்குச் சட்டைக்கே ‘படல’ என்று கூவியவள் நான். என் கண் ‘படவில்லை’ என்கிறது, என் விரல் ‘பட்டது’ என்று ஊருக்கெல்லாம் பொய் சொல்லிவிட்டது. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. கையைத் தூக்கினேன்.

நடுவர்களும் கமிஷனரும் கூடிப் பேசினார்கள். கேப்டன் போட்ட புள்ளி செல்லாது, பந்து எதிர் அணிக்கு. என்னை நோக்கி வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஒரு தண்ணீர் பாட்டில் மேசையில் வந்து விழுந்தது. அந்தக் களேபரத்தில் கேப்டன் மேசைக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். குனிந்து, ஆட்டம் முழுக்கக் கேட்கிற அதே குரலில் கேட்டார்: “டீச்சர், இப்ப எத்தன செகண்டு இருக்கு?”

மூன்று முறை

ஆட்டம் முடிய இருபத்தி ஆறு இருந்தது. எதிர் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியது. வேறு வழியில்லாமல் எங்கள் ஆட்கள் ஃபவுல் செய்தார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்று விழுந்தது, இன்னொன்றைக் குர்தீப் பிடித்தார். இப்போது ரெண்டு புள்ளி பின்னால். கேப்டன் ஓடி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தார். விழுந்தால் ஜெயித்தோம்.

பந்து ரிங்கில் பட்டது. இந்த முறை சந்தேகமே இல்லை, மூன்று முறை பட்டது. பட்டுப் பட்டு, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. சேவியர் சாரின் ஹாரன் அடித்தது. கேப்டன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குர்தீப் போய்க் கையைப் பிடித்துத் தூக்கினார்.

கமிஷனர் என் பக்கம் பார்க்காமல் ரிப்போர்ட்டில் ரெண்டாவது வரியை எழுதினார். நான் பட்டன் பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. ஹால் காலியானபோது பழனிச்சாமி மூன்றாவது வரிசையிலிருந்து இறங்கி வந்தார். சீசன் முழுக்க என் காதைக் கிழித்தவர், இன்றைக்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று தயாராக நின்றேன். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. “படலீங்க டீச்சர். நானும் பாத்தேனுங்க. உங்க எடத்துல நானா இருந்தா, கம்முன்னு இருந்திருப்பேனுங்க.”

இப்போது எனக்கு மேசை இல்லாததால் ரெண்டு கையும் திரும்பக் கிடைத்துவிட்டன, எவ்வளவு வேண்டுமானாலும் கைதட்டலாம்; தட்டுவதற்குத்தான் எங்கள் ஊருக்கு அணி இல்லை.