காய்ந்த புல் என்று பிடுங்கினார்களே, தேவகி!

செய்தி வந்தபோது நான் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை வீட்டில், தேவகி வளர்த்த புல் தூர்களை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகன்தான் கூப்பிட்டார். "மாமா, அம்மா போயிட்டாங்க. தண்ணித் தொட்டி பக்கத்துல உக்காந்தாங்க, எந்திரிக்கலை." வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். "அடடா" என்றார். அடுத்த மூச்சில், "அப்ப இன்னைக்கு நட மாட்டீங்களா?" என்று கேட்டார். அந்தப் புல் நாலு நாள் நிழலில் தாங்கும். நான் தாங்கவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் நானும் தேவகியும் பதினெட்டு வருடம் சேர்ந்து நர்சரி நடத்தினோம். என்னைவிட நாலு வயது இளையவர். "அண்ணே" என்பார், நானும் அவரை ஒருமையில் அழைத்ததில்லை. ஆரம்பத்தில் எல்லாரையும்போல ரோஜாவும் குரோட்டன்ஸும்தான் விற்றோம். ஒரு சமயம் கடலோர வீடு ஒன்றுக்குச் செம்பருத்தியும் புல்தரையும் போட்டுக்கொடுத்தோம். உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் எல்லாம் கருகியது. வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நானும் பதிலுக்குச் சண்டைக்கு நின்றேன். தேவகியைத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். அவர் கடற்கரைப் பக்கம் போய்விட்டிருந்தார். வரும்போது கையில் ராவணன் மீசை, முள்ளுருண்டையாகக் காய்த்து மணலில் உருண்டோடுமே, அந்தப் புல்.

"அண்ணே, இதை யாரு நட்டா? யாரு தண்ணி விட்டா? நிக்குதா இல்லையா?"

அன்று பிடித்தார் புல்லை. நாணல், வெட்டிவேர், பேர் தெரியாத பூங்கதிர்ப் புற்கள் என்று எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து நட்டார். எங்கள் ஆற்று மணலில் உப்பு ஏது? வாளியில் கல் உப்பைக் கரைத்து ஊற்றுவார். ஊற்றியதில் பாதிக்குமேல் சாகும். பிழைத்ததை மட்டும் எடுத்து மறுபடி நட்டு, மறுபடி உப்புத் தண்ணீர். அப்படி வருடக்கணக்கில் சலித்து எடுத்தவைதான் வேலியோரம் நின்ற தாய்த்தூர்கள். விற்ற ஒவ்வொரு புல்லும் அவற்றிலிருந்து பிரித்ததுதான்.

அவர் வாழ்க்கைப்பட்டது மண்ணச்சநல்லூரில், நெல் விளைவிக்கும் குடும்பத்தில். "களை எடுக்கிற ஊர்ல களையை விக்கிறியேம்மா" என்று கொழுந்தனார் நாலு பேர் முன்னால் சிரித்தார். "நெல்லும் ஒரு புல்லுதான் கொழுந்தனாரே. போய்ப் பாருங்க" என்றார் தேவகி. அன்றைக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அவருடைய சட்டம் ஒன்றே. இரண்டு மாதம் தண்ணீர், அப்புறம் நிறுத்திவிட வேண்டும். கோடையில் புல் வைக்கோலாகிவிடும். வாங்கியவர்கள் பதறிப்போய், "செத்துப்போச்சுங்க, செம்மண்ணும் எருவும் கொட்டட்டுமா?" என்று போன் செய்வார்கள். "ஒண்ணும் கொட்டாதீங்க. அடித்தூரை நகத்தால கீறிப் பாருங்க. உள்ள வெள்ளையா இருந்தா உசுரு இருக்கு. மழை விழட்டும்" என்பார். நானே ஒரு சித்திரையில் ஏமாந்தேன். அவர் மணப்பாறைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பாவமாக இருக்கிறதே என்று நாலு நாள் ஹோஸைத் திறந்துவிட்டேன். ஒரு வரிசை அழுகிப்போனது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சொன்னார்: "அண்ணே, இரக்கத்தை மனுஷங்க கிட்ட காட்டுங்க. புல்லு கேக்கலை."

அடக்கம் முடிந்ததும் கடற்கரைக்குத் திரும்பிப் போய், அவர் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் நர்சரிக்கு வந்தால், வேலியோரம் மொட்டை. பொக்லைன் விட்டு வழித்திருந்தார்கள். அந்த இடத்தில் ஷாமியானா. ஷாமியானாவுக்குக் கீழே மாலை போட்ட தேவகி படம். படத்துக்குக் கீழே பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல் விரிப்பு.

பிளாஸ்டிக் புல்! தேவகிக்கு!

"காஞ்சு கெடந்துச்சுங்க. பாம்பு வரும். வர்றவங்க உக்கார வேணாமா?" என்றார் கொழுந்தனார். நான் கத்தியது கரை முழுக்கக் கேட்டிருக்கும். "மாமா, அதுல உசுரு இருக்குன்னு எனக்கும் தெரியலை" என்றார் மகன். அவரைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. துவாக்குடி என்ஜினீயரிங் கல்லூரியில் பெரிய படிப்புப் படித்தவர். அந்தப் படிப்பே இந்தப் புல்லில் வந்ததுதான். தெரியாதாம்!

குப்பைக் குவியலில் இறங்கினேன். ஒவ்வொரு தூராக எடுத்துக் கீறினேன். பழுப்பு, பழுப்பு, பழுப்பு. பொழுது சாய்வதற்குள் வெள்ளையாகப் பதினொன்று கிடைத்தன. ஈரச் சாக்கில் சுற்றிவைத்தேன். மறுநாள் ஒவ்வொருவராக எழுந்து, "செடி கொடியை உசுரா நேசிச்சவங்க" என்று பேசினார்கள். உட்காராமல் வேலியோரமே நின்றேன்.

எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் அந்த விரிப்பைக் கிழித்துத் தெருவில் எறிந்தேன். அதே மணலில் பதினொன்றையும் நட்டேன். மகன் வாளியோடு வந்து பக்கத்தில் நின்றார். அவரே ஊற்றினார்.

தேவகி, உங்களைக் கிடத்தியிருந்தபோது உங்கள் கையைப் பிடித்துப் பார்த்தேன். இத்தனை வருடப் பழக்கம், என் நகம் துடித்தது. மனிதரைக் கீறிப் பார்க்க வழியில்லையே! மழை விழுந்தால் எழுந்துவிடுவீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், பைத்தியக்காரன்போல நம்பியிருப்பேன்.

போய் வாருங்கள். இவற்றுக்கு இரண்டு மாதம்தான் தண்ணீர். அப்புறம் எப்படிக் காய்ந்து கிடந்தாலும் இரக்கம் காட்ட மாட்டேன். எவனையும் காட்டவும் விட மாட்டேன்.