திரும்பி வருவதற்கு ஒரு காரணம்

பிரான்சில் இருக்கும் தங்கைக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. கூட இருக்க என்னை விட்டால் ஆளில்லை. விசாவுக்கு அவள் தரவேண்டிய அழைப்புக் கடிதத்தை, "நீயே அங்க எழுதி வாங்கி அனுப்புக்கா, கையெழுத்து போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டாள். எட்டாவதோடு நின்றவள் நான். பிரெஞ்சில் கடிதம் எழுதித் தரும் ஒருவர் கடற்கரைப் பக்கம் இருக்கிறார், பிரெஞ்சு வழக்கப்படி 'முசியே' என்று மரியாதையாகக் கூப்பிடவேண்டும் என்றார்கள். போனேன்.

வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரை பட்டன் போட்ட, ஒல்லியான மனிதர். ஒவ்வொரு வரிக்கு முன்னும் கண்ணை மூடிக்கொள்வார். ஜன்னல் திரை காற்றில் உப்பி அடங்கும். பிறகுதான் டைப் அடிப்பார். மதிய வெளிச்சத்தில் அந்த அறையே தண்ணீருக்குள் கிடப்பது போலிருந்தது.

"எதுக்காகத் திரும்பி வருவீங்கன்னு விசா ஆபீஸ்ல கேப்பாங்கம்மா. வேலை, சொந்த வீடு, வீட்டுக்காரர், எதாவது இருக்கா?"

எதுவும் இல்லை. தையல் மெஷின் ஒன்றுதான் சொந்தம். போகமுடியாதோ என்ற பயத்தில் உளறினேன்.

"கேஸ் அடுப்ப மூடுனேனான்னு பாக்க வந்துடுவேன் முசியே. மூலக்குளத்துலேர்ந்து இங்க வர்றதுக்குள்ளயே ரெண்டு தடவ திரும்பிப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். அடித்து முடித்து, தங்கை சொல்வதுபோல் எழுதியதைத் தமிழில் சொன்னார்: "என் அக்கா எங்கயும் ரொம்ப நாள் தங்கமாட்டா. வீட்ட நெனச்சுக் கவலப்பட்டே வந்துடுவா."

"ஐயோ, இதப் போய் எழுதலாமா?"

"பொய்யா?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும்."

விசா கிடைத்தது. அந்த வரியாலா, வேறு எதனாலா, தெரியாது. என் கவலையை அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். அதையே எனக்கு ஜாமீனாக வைத்தவர் அவர் ஒருவர்தான்.