ம் கொட்டியது நான் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய்ப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, சலிப்பினால். பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, கடைக்கு வருகிறவர்கள் சொல்லாத பேய்க் கதை இல்லை, ஒன்றையும் நான் நம்பியதில்லை. இதையும் நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரியும்.

என் மனைவி பார்வதி இறந்து நான்கு வருஷம் ஆகிறது. நான் கூச்ச சுபாவம், எனக்கும் சேர்த்து அவள்தான் ஊரோடு பேசினாள். ஆனால் எங்கள் மகள் சரண்யா புத்தகத்தைத் திறந்துவிட்டால் பார்வதியின் வாயிலிருந்து வருகிற ஒரே சத்தம் ‘ம்’தான். கதை கேட்கிற பிள்ளை ம் கொட்டுமே, அப்படி. சரண்யாவுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும், இவள் பூண்டு உரித்துக்கொண்டே ம் கொட்டுவாள். பிள்ளை பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்த பிறகும் அதேதான். பார்வதிக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் பிள்ளை எதையாவது விட்டுவிட்டுத் தாண்டினால் ம் வராது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால், ‘குரலு வழுக்குதுல்ல’ என்பாள்.

அவள் போன பிறகு சரண்யா வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டாள். மற்றதெல்லாம் எப்படியோ பாஸாகிவிட்டது, ஒரே ஒரு பேப்பர் மட்டும் இரண்டு தடவை அரியர் விழுந்தது. ஒருநாள் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி நானே பக்கத்தில் உட்கார்ந்து ம் கொட்டிப் பார்த்தேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு அழுதாள். அதோடு நான் வாயைத் திறக்கவில்லை.

பந்தல்குடியில் இருக்கிற என் மச்சினன் மாப்பிள்ளை பார்த்து வைத்துக்கொண்டு, ‘இந்தத் தடவையும் போச்சுன்னா கல்யாணத்த முடிச்சிருவோம் மாமா, எத்தன நாளு வச்சிருப்பீக’ என்றான். நான் கூச்சத்தில் சரி என்றுவிட்டேன். பிள்ளை டீச்சராக வேண்டும் என்பதுதான் பார்வதிக்கு ஒரே ஆசை. சரி என்று சொன்ன நாளிலிருந்து அவள் போட்டோவை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. மகளின் நோட்டு அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன், ‘ரொமாண்டிக்’ என்று இருந்தது. எனக்குப் பகீரென்றது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மென்று விழுங்கி, ‘ஏத்தா, காலேஜுல யாரையும் விரும்புறியா’ என்று கேட்டேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

‘அது காதல் இல்லப்பா. காத்து, மல, பறவ, இதுககிட்ட மனுசன் பேசுறது.’

‘காத்துகிட்டப் பேசுறதுக்கெல்லாம் பரிச்சையா?’

‘அதுலதாம்ப்பா ரெண்டு தடவ பெயிலு. இன்னொரு பாதி கோதிக்கு. இடிஞ்ச கட்டடம், செத்தவுக திரும்பி வர்றது, அது மாதிரிக் கதைக.’

‘பேய்க் கதைன்னு சொல்லு. நம்ம கடைக்கு வந்தா சும்மாவே சொல்லுவாகளே’ என்றேன்.

இது நடந்து ஒரு வாரம் இருக்கும், போன வருஷம் பங்குனி மாதம். திருச்சுழிப் பக்கம் பார்வதியின் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பருத்தி பார்க்கக் கிளம்பினேன், பக்கத்து வீட்டில் ஒரே டிவி சத்தமாக இருக்கிறதென்று சரண்யாவும் நோட்டோடு பஸ் ஏறினாள். புஞ்சை ஓரத்தில் பருத்தி மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்று நிற்கிறது. பாதிக் கூரை இல்லை, சுவரெல்லாம் வெடிப்பு. உச்சி வெயில் நேரத்தை எங்கள் பக்கம் உருமம் என்போம், உருமத்தில் பேய் நடமாடும் என்று அங்கே யாரும் ஒதுங்க மாட்டார்கள். எனக்குத்தான் நம்பிக்கை இல்லையே, வெயில் தாங்காமல் இருவரும் உள்ளே போனோம்.

நான் வாசலில் புஞ்சையைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் அவள் நடந்துகொண்டே முணுமுணுவென்று படித்தாள். ஆள் இல்லாத இடம் என்பதாலோ என்னவோ கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் உயர்ந்தது. அப்போதுதான் கேட்டது. ‘ம்.’

புறா என்று நினைத்தேன். அவள் அடுத்ததைச் சொன்னாள். திரும்பவும் ‘ம்.’ அவள் எங்கே மூச்சு விடுகிறாளோ சரியாக அங்கே. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். சரண்யா எனக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள். சத்தம் நிழல் விழுந்த மூலையிலிருந்து வந்தது, அங்கே ஒரு கிழிந்த சாக்கு மட்டும் கிடந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவள் படிப்பை நிறுத்திவிடுவாள்.

ஓர் இடத்தில் ம் வரவில்லை. சரண்யா நின்றாள்.

‘என்னப்பா, எதையும் விட்டுட்டனா?’

நான் புஞ்சையைப் பார்த்தபடியே தலையை மட்டும் ஆட்டினேன். அவள் நோட்டைப் புரட்டினாள்.

‘ஆமா, ஒண்ண விட்டுட்டேன். பயமும் அழகும் சேந்து வர்றதுன்னு ஒண்ணு. இது மட்டும் மனசுல ஏறவே மாட்டேங்குதுப்பா.’ பிறகு இங்கிலீஷை விட்டுவிட்டுத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். ‘மழ கறுத்து இருட்டிக்கிட்டு வரும். நீங்க ஓடியாங்க ஓடியாங்கன்னு கத்துவீக. அம்மா மட்டும் புஞ்சை நடுவுல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கும். பயமாயில்லையாம்மான்னு கேட்டா, பயமாத்தான் இருக்கு, அதுக்காக இத விட்டுட்டா வரமுடியும்னு சொல்லும். அதானப்பா இது?’

‘ம்ம்ம்.’

நீளமாக, பார்வதிக்குப் பிள்ளைமேல் பிரியம் பொங்குகிறபோது வருமே, அதே ம். நான் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம்பினால் நம்புங்கள், அந்த வெயிலில் காற்றே இல்லை, ஒரு இலைகூட அசையவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சரண்யா என் தோளில் சாய்ந்து, ‘இன்னைக்கு நீங்க ம் கொட்டுனப்ப எனக்கு அழுக வரலப்பா’ என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நானில்லை என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பேப்பர் பாஸானது. மச்சினனைக் கூப்பிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, முடியாது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நாலைந்து உருமத்தில் நான் மட்டும் தனியாகக் கிட்டங்கிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். கடைக் கணக்கு, மகளின் செய்தி எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சரி, புறாதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சரண்யா இப்போது மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.எட். படிக்கிறாள். வகுப்பெடுக்கிறதற்கு முந்தின நாள் சாயங்காலம் போனில் பாடத்தைச் சொல்லிக் காட்டுவாள், நான் ம் கொட்டுவேன். போன வாரம் அவள் ஆரம்பிக்கிற நேரத்தில் லோடு வந்துவிட்டது. போனைச் சீனி மூட்டைமேல் வைத்துவிட்டு ஓடினேன். மூட்டைகளை இறக்கி முடித்து வந்து, கோபமாக இருப்பாளே என்று போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

‘எல்லாத்துக்கும் ம் கொட்டிட்டு கடைசிக்கு மட்டும் ஏம்ப்பா கொட்டல? அதுல எதுவும் தப்பா?’ என்றாள்.

கடையில் வேறு யாரும் இல்லை.

‘அத மட்டும் இன்னொருக்கா சொல்லு தாயி’ என்றேன்.

சொன்னாள். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

‘ஆங், இப்பச் சரி. வச்சிர்றேம்ப்பா’ என்று சந்தோஷமாகச் சொல்லி வைத்துவிட்டாள். எனக்குத்தான் எதுவும் கேட்கவில்லை.