சூப்பர்வைசருக்கு ரெண்டு கோட் பெயிண்ட்

போன வாரம் எங்கள் சூப்பர்வைசர் நாலு நாளாகச் சாப்பிடவில்லை.

சூப்பர்வைசர் என்றதும் பேன்ட் சட்டை போட்ட ஆளை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆமை. நட்சத்திர ஆமை. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் என் லேத் பட்டறையில் ஒன்றரை வருஷமாகக் குடியிருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷின் மெஷினாகப் போய்க் கழுத்தை நீட்டிப் பார்க்கும். ஒரு வேலையும் செய்யாது. வேறென்ன பெயர் வைக்க முடியும், சொல்லுங்கள்?

பட்டறை என்றால் பெரிசாக ஒன்றுமில்லை. ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூன்று பேர். லேத் ஓட்டும் நாகராஜ், கடைந்து முடிந்த உருப்படியை, எங்கள் பாஷையில் ஜாப்பை, அளந்து பார்த்துப் பெட்டியில் அடுக்கும் ஸ்டெல்லா, அப்புறம் நான். வாசல் போர்டில் ஓனர் என்று என் பெயரைப் பெரிசாகப் போட்டிருக்கிறேன். ஏழாம் வகுப்போடு ஓடி வந்தவன் தன் பெயரை எங்காவது எழுதிப் பார்க்க வேண்டாமா?

ஆமை வந்த கதை இது. தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டு பைக்கில் வந்துகொண்டிருந்தேன். நடு ரோட்டில் கிடந்தது. லாரி ஏறினால் சட்னிதான். எடுத்துத் தாம்பூலப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பட்டறைக்கு யார் வந்தாலும் என்னிடமிருந்து தப்ப முடியாது. “நான் காப்பாத்துனதுங்க!” லாரி டிரைவர் பிரேக் போட்ட சத்தத்தைக்கூட வாயாலேயே செய்து காட்டுவேன். உண்மையில் லாரியே வரவில்லை. வந்திருந்தால் என்று ஆரம்பித்தது... மாதத்துக்கு மாதம் லாரி பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கத்துப் பட்டறைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மெஷினையெல்லாம் கழுவி, பச்சை எனாமல் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்போம். டப்பாவில் பெயிண்ட் மிஞ்சினால் கை சும்மா இருக்குமா? ஸ்டூலுக்கு அடிப்போம். குப்பைத் தொட்டிக்கு அடிப்போம். போன ஆயுத பூஜைக்கு அதற்கு மேலும் கொஞ்சம் மிஞ்சியது.

நான் பிரஷ்ஷோடு ஆமையைப் பார்த்தேன்.

“ண்ணா, வேணாம்ணா. உசிருள்ளது” என்றாள் ஸ்டெல்லா.

“ஏம்மா, ஓடுதானே? நாம ஹெல்மெட் போட்டுக்கற மாதிரி. அதுக்கென்ன தெரியப்போவுது?”

முதல் கோட் நான். காய்ந்ததும் ரெண்டாவது கோட் நாகராஜ். சுற்றிலும் மஞ்சளில் ஒரு பார்டர் வேறு. குங்குமம் வைத்து, போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸில் போட்டேன். பார்த்தவர்களெல்லாம் சிரிக்கும் பொம்மை அனுப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த சூப்பர்வைசர்தான் போன வாரம் ஒரு மூலையில் தலையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. “டாக்டர்கிட்ட போலாம்ணா” என்று ஸ்டெல்லா பிடித்த பிடியை விடவில்லை.

போகிற அன்று காலையில்தான் எனக்கு அந்த பயம் வந்தது. இந்தக் கோலத்தில் பார்த்தால் டாக்டர் திட்டமாட்டாரா? காட்டன் வேஸ்டைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்து ஓட்டைத் துடைத்தேன். பெயிண்ட் பாதிகூடப் போகவில்லை. ஆமை ‘உஸ்ஸ்’ என்றது. அது சத்தம் போடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பயந்து நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்டெல்லாவும் கூட வந்தாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுப் பெண். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

“யாருங்க இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?”

“ஃபர்ஸ்ட் கோட் நானுங்க மேடம்.”

பட்டறையாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

“ஓடுன்னா என்னன்னு நெனச்சீங்க?”

“சட்டை மாதிரிங்க...”

“கழட்டி மாட்டற சட்டை இல்லீங்க. அது எலும்பு. முதுகெலும்பு அதோடதான் ஒட்டியிருக்கு. தொட்டா தெரியும், சுரண்டுனா வலிக்கும்.” ஓரத்தை விரலால் அமுக்கினார். லேசாக உள்ளே போனது. “வெயில் படுதா?”

“டியூப்லைட் இருக்குங்க.”

“தீனி?”

“பிஸ்கட்டுங்க. க்ரீம் இல்லாததுதான்.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். “காட்டுக் கரட்டு மேட்டுல புல்லும் எலையும் மேஞ்சிட்டுத் திரியறதுங்க இது. இங்க பாருங்க... ஓட்டுல இருக்கற கட்டம் ஒவ்வொண்ணும் ஓரத்துலதான் வளரும். பெயிண்ட் அடிச்சதுக்கப்புறம் வளந்திருந்தா அந்தப் பச்சைக்கு நடுவுல பெயிண்ட் படாத கோடு தெரியணும். தெரியுதா?”

குனிந்து பார்த்தேன். அரை நூல்கூட இல்லை.

அளவு பார்ப்பதுதான் என் தொழில். ஒரு ஜாப் தலைமுடி அளவு கூடினாலும் தூக்கி ஓரமாக வைத்துவிடுவோம். என் காலடியிலேயே ஓர் உயிர் இத்தனை மாசமாக வளராமல் நின்றிருக்கிறது. அதை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் திடீரென்று மூக்கைச் சுளித்தார். “தின்னர் வாசனை வருதே?”

“பக்கத்துல பெயிண்டிங் ஷாப்புங்க மேடம்.” எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள் அந்தப் பொய்!

“இங்க பாருங்க, தின்னர் பட்டிருந்தா நெஞ்சுக்குள்ள போயிருக்கும். அதுக்கு வைத்தியமே வேற. சும்மா சாப்பிடலேன்னு நெனச்சு நான் மருந்து குடுத்தா, செத்துப்போயிடும். பட்டுச்சா, படலையா?”

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் பெயிண்டிங் ஷாப் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

“காலைல... நான்தாங்க துடைச்சேன். நீங்க திட்டுவீங்கன்னு.”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஊசி மருந்தை மாற்றிப் போட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஓட்டைக் கழுவினார். ஆமை கண்ணைத் திறக்கவில்லை.

“பொழைக்குங்களா மேடம்?”

“பாக்கலாம். ஆனா இனிமே உங்ககிட்ட விடறதுக்கில்ல. இத வெச்சிருக்கறதே குத்தம். நேரா பாரஸ்ட் ஆபீஸ் போங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன்.”

ஸ்டெல்லா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஆபீஸ் வாசலில் இறங்கியதும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: “பொய்யையும் ரெண்டு கோட் அடிக்கப் பாத்தீங்களேண்ணா.”

உள்ளே வயசான பாரஸ்டர் ஒருவர் இருந்தார். என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து எழுத ஆரம்பித்தார். ஜெயில்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேட்டதோ வேறு.

“எங்க எடுத்தீங்க?”

“தேன்கனிக்கோட்டை ரோட்டுலங்க சார்.”

“ரோடு நீளமா கெடக்குதுங்க. எந்த எடம்?”

“ஒரு வளைவு தாண்டிங்க... புளியமரம் இருந்துச்சு.”

“புளியமரமா? நல்லா சொன்னீங்க போங்க. சரி, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிட்டிருந்துச்சு?”

எனக்குப் புரியவில்லை. “எதுக்குங்க சார்?”

“பொழைச்சு, ஓடு கெட்டியாச்சுன்னா, அது இருந்த எடத்துலயே விடணும். எடம் தெரியலேன்னா எங்கன்னு கொண்டுபோய் விடறது? காலம் பூரா கூண்டுதான்.”

நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். அன்றைக்குக் கல்யாணத்தில் பாயசத்தில் எத்தனை முந்திரி கிடந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. ஆமையின் முகம் எந்தப் பக்கம் இருந்தது? தெரியவில்லை.

நடு ரோட்டில் ‘கிடந்தது’ என்றுதான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கிடக்கவில்லை. எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நான் தூக்கியபோது நாலு காலும் காற்றில் நடந்துகொண்டேதான் இருந்தன. டாட்டா காட்டுகிறது என்று சிரித்தேன்.

‘இடம் தெரியவில்லை’ என்று எழுதி, கீழே என்னிடம் கையெழுத்து வாங்கினார் பாரஸ்டர்.

பைக்கை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு ரெண்டு நிமிஷம் நின்றிருந்தால், அது பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். அதைக் காப்பாற்ற அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நான் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டேன்.