வலது பக்கத்து வயலின்

ஹம்பேர்க்கில் நான் வேலை செய்யும் சிறிய நிறுவனம், எழுபதுகளில் வெளிவந்து மறக்கப்பட்ட பிரித்தானிய ரொக் இசைத்தட்டுகளை மறுபடி வெளியிடுகிறது. பெரும்பாலும் நாட்டுப்பாடலும் ரொக்கும் கலந்தவை. தொழிற்சாலை முதலில் ஒரு மாதிரித் தட்டை அனுப்பும். நான் கேட்டுச் சரியென்று சொன்ன பிறகுதான் மற்றவற்றை அச்சடிப்பார்கள்.

போன மாரிக் குளிரில் வந்த ஒரு மாதிரித் தட்டில், வலது பக்கம் ஒலிக்க வேண்டிய வயலினைக் காணவில்லை. அச்சடிப்பை நிறுத்தும்படி உடனே தொழிற்சாலைக்கு எழுதினேன். அனுப்பிய பிறகு ஏதோ சந்தேகம் வந்து, ஹெட்போனைப் பக்கம் மாற்றி மாட்டினேன். வயலின் இடது காதில் துல்லியமாகக் கேட்டது.

குறை தட்டில் இல்லை, என் வலது காதில். காதை நம்பி எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தப் பாடல்களைப் பாடியவர் இங்கிலாந்தில் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்; தட்டு எப்போது வரும் என்று வாராவாரம் எழுதிக் கேட்பார். ஆனாலும் நிறுத்தச் சொன்னதை நான் திருத்தி எழுதவில்லை; யாரிடமும் வாய் திறக்கவுமில்லை. காலையில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை.

மறுநாள் பின்னேரம் எஸ்-பான் ரயிலில் மனைவி என் வலது பக்கம் இருந்தாள். திடீரென்று தோளைத் தட்டினாள்.

"மூண்டு தரம் கேட்டுட்டன். ஏன் பேசாமல் இருக்கிறியள்?"

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"நேற்றே ஏன் சொல்லேல்லை? இறங்குங்கோ, டொக்டரிட்டைப் போவம்."

"தெர்மின் இல்லையே, நேரம் பதியாமல் பாப்பினமோ?"

"இல்லாட்டிப் பரவாயில்லை. நான் கதைக்கிறன்."

மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கேட்கும் திறன் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். வாசலில் நின்றபடியே எங்கள் நிறுவனத்தின் முதலாளி அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, பிழை என் காதில்தான் என்று சொன்னேன்.

"மாதிரியை நான் கேட்கிறேன். நீங்கள் முதலில் குணமாகுங்கள்" என்றார். அந்த அன்பான குரல்தான் என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

மருத்துவ விடுப்பில் வீட்டிலிருந்த மூன்று வாரமும், அதற்கு முன் நான் சரியென்று சொன்ன தட்டுகளை ஒவ்வொன்றாக இடது காதால் கேட்டேன். எந்த நாளிலிருந்து வலது காது கேட்காமல் போனது என்று எனக்கே தெரியாது. குறை எதுவும் அகப்படவில்லை. அதுவும் நிம்மதி தரவில்லை.

கேட்கும் திறன் முக்கால்வாசி திரும்பியது. உச்ச ஒலிகள் மட்டும் வரவில்லை. பாடகரின் தட்டு பத்து நாள் பிந்தி வெளிவந்தது. பிந்தியதற்கு நானே அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

இப்போது மாதிரிகளை முதலாளி அம்மாவும் என்னோடு சேர்ந்து கேட்கிறார். போன கிழமை ஒரு தட்டின் கடைசிப் பாட்டில் அவர் கையை உயர்த்தினார்.

"இந்த இரைச்சல் கேட்டதா?"

"இல்லை" என்றேன். ஊசியைப் பின்னுக்கு எடுத்து வைத்து, தலையைத் திருப்பி இடது காதைக் கொடுத்தேன். இரைச்சல் மெல்லிதாக இருந்தது. அறிக்கையில் அதை எழுதி, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன்.