ஹாலில் உட்கார்ந்திருந்த சக்களத்தி

போன வருடம் துர்கா பூஜைக்குச் சில நாட்கள் முன்பு, கொல்கத்தா கார்டன் ரீச்சில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு பாதி, எரிச்சல் பாதியாக வருகிறது.

நான் என் கணவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி நோயில் இறந்து பல வருடங்கள் கழித்து என்னைக் கட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே அழைத்து வந்தார். சுவரில் மாலையோடு இருந்த அவள் படம் என்னை ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நானே பூ வைப்பேன். என்னால் தாங்க முடியாதது ஹாலில் இருந்த பழைய டி.வி.தான். முதுகு புடைத்த பெரிய பிக்சர் டியூப் டி.வி. அது ஓடி எத்தனையோ காலம் ஆகிறது. சுவரில் புது டி.வி. மாட்டிய பிறகும் அது மேஜையை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் கணவர் துணியை எடுத்துக்கொண்டு அதைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார்.

"இதை எதுக்கு இன்னும் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால், "இருக்கட்டும்மா, பாத்துக்கலாம்" என்பார். மனிதர் அளந்து பேசுகிறவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வராத வார்த்தைகளை எல்லாம் நானே சேர்த்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து பார்த்திருப்பார்கள், அவள் இவர் தோளில் சாய்ந்திருப்பாள் என்று மனம் படம் ஓட்டியது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இத்தனை பதமாக என் நெற்றியைத் தொட்டாரா? என்னைப் பொறுத்தவரை அது டி.வி. இல்லை, சக்களத்தி. அவளை வீட்டைவிட்டு அனுப்பாமல் இந்த வீடு எனக்கு வீடாகாது என்று தீர்மானித்துவிட்டேன்.

பூஜைக்காக ஊரே வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நேரம். அவர் ஆபீஸ் போயிருந்தார். வாசலில் பழைய சாமான் வாங்குகிறவன் குரல் கேட்டதும் எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காள மொழியில் கூப்பிட்டேன். அவன் டி.வி.யைக் கீழே தூக்கிப் போய் முற்றத்தில் குப்புறக் கவிழ்த்தான். உள்ளே இருக்கும் தாமிரக் கம்பி மட்டும் போதுமாம், கண்ணாடியை அங்கேயே உடைத்து ஒதுக்கிவிடுகிறேன் என்றான். கரும்பு தின்னக் கூலியா? முதல் அடி விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன்.

சுத்தியல் மேலே போனது. "பேங்கோ நா! பேங்கோ நா!" என்று ஒரு அலறல். உடைக்காதே என்று கத்திக்கொண்டு கேட்டிலிருந்து ஓடி வந்தவர் என் கணவர். அன்றைக்குப் பார்த்து சீக்கிரம் வந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. வந்த வேகத்தில் என் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினார்.

"செத்தவளுக்காக உயிரோட இருக்கறவளைத் தள்றீங்களா?" என்று நான் போட்ட சத்தத்தில் பால்கனிகள் எல்லாம் தலைகளாக நிறைந்துவிட்டன.

அவர் திருதிருவென்று விழித்தார். "என்ன பேசற நீ? பிக்சர் டியூபை அடிச்சா வெடிச்சு மூஞ்சில வந்து குத்தும். கண்ணாடியில ஈயம் இருக்கு. உள்ள பூசியிருக்கற பவுடர் விஷம். பசங்க விளையாடற இடம் இது!"

நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். சக்களத்தி மறுபடியும் படியேறி ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள். எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

அடுத்த விடுமுறை நாளில் அவரே ஆரம்பித்தார். இந்த மாதிரி டி.வி.க்களை விதிப்படி வாங்கிக்கொள்ளும் ஒரு மையம் கிடைத்திருக்கிறது, வா, ஒரு கை பிடி என்றார். டாக்ஸியின் பின் சீட்டில் என்னை உட்காரவைத்து டி.வி.யை என் மடியில் இறக்கினார். "கண்ணாடிப் பக்கம்தான் கனம். நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்க" என்றார். ஊரிலே யாருக்காவது இந்தக் கதி உண்டா? சக்களத்தியைக் கட்டி அணைத்துக்கொண்டு கொல்கத்தாவின் பள்ளம் மேடெல்லாம் போனேன். வண்டி குலுங்கும்போதெல்லாம், எங்கே உடைந்துவிடுமோ என்று கை தானாக இறுகியது.

மையத்தில் கையுறை போட்ட ஒரு பெண் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முழுசாகக் கொண்டு வந்தீர்களே என்று பாராட்டினாள். பாதிப்பேர் உடைத்துவிட்டுத்தான் கொண்டுவருவார்களாம். தெருவில் உடைத்தால் ஈயம் மண்ணுக்குப் போகும், தூசி பெருக்குகிறவர் மூச்சுக்குப் போகும். இது ஆபத்தான கழிவு, மூடிய எந்திரத்துக்குள் தூசியை உறிஞ்சிக்கொண்டேதான் கண்ணாடியைப் பிரிப்போம் என்று விளக்கினாள். இவர் சொன்னது அத்தனையும் நிஜம். "இத்தனை வருஷமா இதைக் குடுக்க ஒரு இடம் தேடிட்டிருந்தேன்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஆனாலும் டி.வி.யை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவர் முகத்தைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மாற்றமும் இல்லை. வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது கேட்டேவிட்டேன், "அவங்க ஞாபகமா வெச்சிருந்தது. மனசு கஷ்டமா இல்லையா?"

"யாரு ஞாபகம்? ஃபுட்பால் பாக்க நான் வாங்கினது அது. அவளுக்கு ஆகவே ஆகாது. அதைப் போட்டாலே தலைவலின்னு உள்ள போயிடுவா."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "அப்போ அவங்களோடதுன்னு வீட்ல எதுவுமே இல்லையா?" என்றேன்.

"ஏன், தோசைக்கல் இருக்கே. ஊர்லேர்ந்து ரயில்ல மடியில வெச்சுக் கொண்டு வந்தா. மொதல்ல எல்லாம் பிஞ்சு பிஞ்சுதான் வரும். எண்ணெய் தடவி, வெங்காயம் தேச்சு, விடாம பழக்கினா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயை ஊதினார்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். குவார்ட்டர்ஸில் என் பெயரே தோசைக்கார பௌதி, அதாவது தோசைக்கார அண்ணிதான். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். கல்லில் ஒட்டாமல் காகிதம் போல எழும்பும் என் தோசையைப் பார்த்து, என் கைராசி என்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டி வாங்கிக்கொள்வேன்.

தோசைக்கல் மேல் வந்த பொறாமையோடு பார்த்தால் டி.வி. மேல் வந்தது ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே கரியாஹாட் சந்தைக்குப் போய்ப் புதுக் கல் ஒன்று வாங்கி வந்தேன். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவது அடியோடு பிடித்துக்கொண்டது. சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்து அடுப்படியில் நின்று அழுதேன். அவள் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அவளும், தெரியாத இந்த ஊரில், பேசாத இந்த மனிதரோடு, இப்படித்தான் பிய்ந்த தோசையைச் சுரண்டிக்கொண்டு நின்றிருப்பாள் என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் பழைய கல்லே அடுப்பில் ஏறியது. யாராவது என் தோசையைப் புகழ்ந்தால் உள்ளே இன்னும் சுருக்கென்று குத்தத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் கல்லை நான் வேறு யாரையும் தொட விடுவதில்லை.